நிலைமையை உன்னிப்பாகக் கவனித்துவருகிறோம்

நம் நாட்டில் பேரிடர் நடந்த இடத்துக்கு முதலில் வந்து சேர்வது ஒரு வாக்கியம். ஆம்புலன்ஸுக்கு முன்பே வரும், குடிதண்ணீர் லாரிக்கு முன்பே வரும். 'நிலைமையை உன்னிப்பாகக் கவனித்துவருகிறோம்.' யார் கவனிக்கிறார்கள், எங்கே உட்கார்ந்து கவனிக்கிறார்கள், கவனித்துவிட்டு என்ன செய்யப்போகிறார்கள் என்றெல்லாம் கேட்டால் நமக்குத் தேசபக்தி போதவில்லை என்று அர்த்தம். ஆகவே கேட்கவேண்டாம். இந்தக் கவனிப்பின் வரலாற்றை மட்டும் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.29. சுமத்ராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், கடலடியில், நூற்றாண்டுகளாக இறுகிக் கிடந்த பிடி ஒன்று விட்டுப்போனது. இந்தியத் தட்டு வருடத்துக்கு நாலைந்து சென்டிமீட்டர் வீதம் பர்மா தட்டின் அடியில் நுழைந்துகொண்டிருக்கும் இடம் அது. நுழைகிற தட்டு வழுக்கிக்கொண்டு போனால் வம்பில்லை. போகாது, ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டு மேல்தட்டின் விளிம்பையும் தன்னோடு கீழே இழுக்கும். இழுபட்ட விளிம்பு ஒருநாள் திமிறி நிமிரும்போது தலைக்குமேல் நிற்கும் கடலையும் சேர்த்துத் தூக்கிவிடும். அன்று அப்படி நிமிர்ந்த நீளம் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். கிழிந்து முடிக்க எட்டிலிருந்து பத்து நிமிடம் ஆயிற்று. நிலநடுக்கத்தின் அளவு 9.1.

நிக்கோபார் தீவுகளுக்கு அலை வந்து சேரச் சில பத்து நிமிடங்களே ஆயின. கார் நிக்கோபாரின் விமானப்படைத் தளமே தண்ணீருக்குள் போனது. தமிழகக் கரைக்கு வர அலைக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் தேவைப்பட்டது. நாகப்பட்டினத்தில் கடற்கரைக் குப்பத்திலிருந்து ஊருக்குள் வர, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாமியாரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நடந்தாலும் அரைமணி நேரம் தாராளம். இரண்டரை மணி நேரத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டே போயிருக்கலாம்.

சொல்லத்தான் ஆள் இல்லை. அன்று காலை டெல்லி செய்த காரியம் பதிவாகியிருக்கிறது. வானிலைத் துறை, அறிவியல் துறை அமைச்சருக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பியது. அது முரளி மனோகர் ஜோஷியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் அமைச்சர் பதவியை விட்டு இறங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த ஏழு மாதத்தில் இந்தியத் தட்டு எப்படியும் இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். டெல்லியின் முகவரிப் பட்டியல் ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை. புவியியல் வேகம் என்று எதை எதையோ சொல்கிறார்கள். நம் அரசு அலுவலகத்தை அவர்கள் பார்த்ததில்லை.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் செத்தார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,065.

அப்புறம் சொன்னார்கள், இந்தியப் பெருங்கடலில் சுனாமி என்ற ஒன்று வந்ததே இல்லை, யாருக்குத் தெரியும் என்று. யாருக்குத் தெரியும்? வெள்ளைக்காரனின் துறைமுகக் குச்சிக்குத் தெரியும். 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே நிலம் நடுங்கியபோது எழுந்த அலையை, சென்னை உட்பட வங்கக் கடலோரத்து அலைமானிகள் காகிதத்தில் கோடு போட்டுக் குறித்து வைத்திருந்தன. இரண்டு வருடம் கழித்து கிரகடோவா எரிமலை வெடித்தபோதும் குறித்தன. அந்த 1881 கோடுகளை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டு, நடுங்கியது எந்த இடம், எவ்வளவு என்று ஓர் ஆய்வுக் கட்டுரையே வந்துவிட்டது. எந்த வருடம் தெரியுமா? 2003. அந்தமானில் 1941இல் 7.7 அளவில் ஆடியது வேறு இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் 'வந்ததே இல்லை' என்று சொல்ல ஒரு தனித் துணிவு வேண்டும். படிக்காதவனுக்கு அந்தத் துணிவு வராது. படித்துப் பதவிக்கு வந்த பிறகு படிப்பதை நிறுத்தியவனுக்குத்தான் வரும்.

இதோடு விட்டிருந்தால் அசட்டை என்று எழுதி முடித்துவிடலாம். நான்காம் நாள் நடந்ததை என்னவென்று எழுதுவது? டிசம்பர் 30. நாகையில் பிணங்களை எண்ணி முடிக்கவில்லை, குழி தோண்டுகிறவர்களுக்குக் கை ஓயவில்லை. அன்று உள்துறை அமைச்சகம் கடலோரம் முழுவதற்கும் சுனாமி எச்சரிக்கை விட்டது. ஆதாரம்? நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்லத் தெரியும் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருந்த ஓர் அமெரிக்கக் கம்பெனியின் தகவல். உலகத்தில் எந்த ஆய்வுக்கூடத்துக்கும் தெரியாத வித்தை அது. நாள் குறித்து நிலநடுக்கம் சொல்ல இன்றுவரை ஒருவராலும் முடியவில்லை. உண்மையான நிலநடுக்கம் ஆடிக் காட்டியபோது அசையாத அரசு, குறிகாரன் சொன்னதும் எழுந்து ஓடியது. எஞ்சியிருந்த சனம் போட்டது போட்டபடி ஓடிற்று. நிவாரண லாரிகள் திரும்பின. அலை வரவில்லை. அறிவியல் அமைச்சர் கபில் சிபல், அந்தத் தகவல் வெறும் பிதற்றல் என்று அன்றே சொல்லிவிட்டார். அதாவது ஓர் அமைச்சகத்தின் எச்சரிக்கையை இன்னோர் அமைச்சகம் பிதற்றல் என்றது. இரண்டும் ஒரே நிலைமையைத்தான் உன்னிப்பாகக் கவனித்துக்கொண்டிருந்தன. நம்மூர் ஜோசியர்கள் பாவம். கிரகச் சேர்க்கை, கடலுக்குக் கண்டம் என்று ஆண்டுக்கு ஆண்டு எழுதியும் அவர்களுக்கு இப்படியொரு வாய்ப்பு அமையவில்லை. ஃபேக்ஸில் ஆங்கிலத்தில் அனுப்பியிருக்க வேண்டும்.

சரி, நிஜமாகவே கவனித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம்.

கெர்ரி சீ என்ற அமெரிக்கப் புவியியலாளரும் டேனி ஹில்மன் நடாவிஜயா என்ற இந்தோனேசியரும் சுமத்ராவுக்கு மேற்கே மெண்டவாய் தீவுகளில் வருடக்கணக்காகப் பவளப்பாறைகளை அறுத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பவளம் கடல் வற்றும் மட்டம் வரைதான் வளரும், அதற்குமேல் தலை நீட்டினால் வெயிலில் செத்துவிடும். தீவு மெல்ல அமிழ்ந்தால் பவளம் மேல்நோக்கி வளரும். நிலநடுக்கத்தில் தீவு சட்டென்று உயர்ந்தால் தலைப்பகுதி மடிந்துபோகும். மரத்துக்கு வளையம் மாதிரி அதற்கும் ஆண்டு வளையம் உண்டு. எந்தக் கணக்குப்பிள்ளையும் திருத்தி எழுத முடியாத பேரேடு. அதில் 1797 இருந்தது, 1833 இருந்தது. அடுத்தது வரும் என்பதும் தெரிந்தது. 2004 நடுவில், சுனாமிக்குச் சில மாதங்கள் முன்பு, அவர்கள் தீவு தீவாகப் போய்ச் சுவரொட்டியும் துண்டறிக்கையும் கொடுத்தார்கள்: நிலம் பலமாக ஆடினால் மேட்டுக்கு ஓடுங்கள்.

அடுத்த ஆண்டு மார்ச் 17 அன்று ஜான் மெக்ளாஸ்கி என்ற ஆய்வாளரும் சகாக்களும் 'நேச்சர்' இதழில் ஒரு பக்கக் கணக்கை வெளியிட்டார்கள். டிசம்பரில் கிழிந்த இடத்துக்குப் பக்கத்து இடங்களில் அழுத்தம் ஏறியிருக்கிறது, அங்கே ஆபத்து கூடியிருக்கிறது என்று. தேதி சொல்லவில்லை, ஏனென்றால் அவர்கள் கம்பெனி நடத்துகிறவர்கள் அல்லர். பதினோராவது நாள், மார்ச் 28, நியாஸ் தீவருகே 8.6. பிறகு 2007 செப்டம்பரில் பெங்குலு அருகே 8.4. 2010 அக்டோபரில் மெண்டவாயில் 7.8, மெல்ல ஆடிப் பெரிய அலையை எழுப்பிய வஞ்சக நடுக்கம், 400க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். சிபெருட் தீவின் அடியில் ஒரு துண்டு மட்டும் 1797க்குப் பிறகு இன்னும் முழுசாக விடவில்லை. அதற்கு நேர் எதிரே பாடாங் நகரம், ஏறத்தாழ 9 லட்சம் மக்கள்.

தெரிந்தவன் சொன்னால் என்ன மரியாதை கிடைக்கும் என்பதற்குத் தாய்லாந்தில் ஓர் ஆள் உண்டு. ஸ்மித் தம்மசரோஜ் அங்கே வானிலைத் துறைத் தலைவராக இருந்தவர். தாய்லாந்தின் மேற்குக் கரைக்குச் சுனாமி வரலாம் என்று 1998இல் சொன்னார். சுற்றுலாவுக்குக் குழி பறிக்கிறார், கிறுக்குப் பிடித்திருக்கிறது என்றார்கள், ஓரங்கட்டினார்கள். 2004இல் அந்தக் கரையில் 5,000க்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகு, எச்சரிக்கை அமைப்பை உருவாக்க வாருங்கள் ஐயா என்று அவரையே கூப்பிட்டார்கள். உண்மை சொன்னவனுக்குப் பதவி உயர்வு வேண்டுமானால் இடையில் ஐயாயிரம் பிணம் விழ வேண்டும்.

இந்தோனேசியா கடலில் மிதவைகள் போட்டது. ஜெர்மனி பணம் கொடுத்தது, அமெரிக்கா கொடுத்தது, 22 மிதவைகள். திறப்பு விழா, புகைப்படம், கைகுலுக்கல் எல்லாம் முறையாக நடந்தன. பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கத்தான் யாருக்கும் நினைவில்லை. போதாததற்கு, மிதவைகளில் இருந்ததைப் பெயர்த்துக்கொண்டும் போனார்கள். 2012க்குப் பிறகு அவற்றில் ஒன்றுகூட வேலை செய்யவில்லை என்று அந்த நாட்டுப் பேரிடர் முகமையின் செய்தித் தொடர்பாளரே 2018இல் சொன்னார்.

அதே சுமத்ராவின் பக்கத்தில் சிமலூ என்றொரு தீவு இருக்கிறது. 1907இல் அங்கே சுனாமி வந்து பலரைக் கொண்டுபோனது. மிஞ்சியவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயர் வைத்தார்கள். தாலாட்டிலும் கதையிலும் அந்தச் சொல்லைப் பேரன் பேத்திகளுக்குப் புகட்டினார்கள். நிலம் ஆடி, கடல் உள்வாங்கினால், ஸ்மோங், மேட்டுக்கு ஓடு. 2004இல் மையப்புள்ளிக்கு அவ்வளவு கிட்டத்தில் இருந்த அந்தத் தீவில் 78,000 பேர் இருந்தார்கள். இறந்தவர்கள் ஏழு பேர். பாட்டிகளுக்கு மின்கலம் தீராது, துருப்பிடிக்காது, ஒப்பந்தப்புள்ளி கோரவேண்டியதில்லை. அதனால்தான் எந்த அரசும் பாட்டிகளை வாங்குவதில்லை.

நம்மிடமும் இப்போது நல்ல நிலையம் ஒன்று உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஹைதராபாத்தில் 2007 அக்டோபரில் தொடங்கிய சுனாமி எச்சரிக்கை மையம். பத்து நிமிடத்துக்குள் முதல் செய்தியை வெளியிடுகிறார்கள். இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கே செய்தி கொடுக்கிறார்கள். 2012 ஏப்ரல் 11இல் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 ஆடியபோது, தட்டு பக்கவாட்டில் உரசிய நடுக்கம் அது, பெரிய அலை எழாது என்ற சேதியும் சீக்கிரமே வந்தது. அங்கே இரவுப்பணியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் கவனிக்கிறார்கள், சொல்கிறார்கள். என் வயிற்றெரிச்சல், அவர்கள் கவனித்துச் சொல்வதைக் கேட்டுக்கொண்டே தட்டு நுழையும் அதே கடலடி அகழிக்குமேல் பந்தக்கால் நடுகிறவர்களைப் பற்றியது.

கிரேட் நிக்கோபார். வரைபடத்தில் நாட்டின் கடைசித் தீவு, சுமத்ராவுக்கு 200 கிலோமீட்டருக்கும் குறைவு. நிலநடுக்க வரைபடத்தில் மிக ஆபத்தான மண்டலம். 2004இல் தீவின் தென்கோடி இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் இறங்கியது. அதே நேரத்தில் வடக்கு அந்தமானின் மேற்குக் கரை ஒரு மீட்டருக்கும் மேல் உயர்ந்து பவளம் வெயிலில் காய்ந்தது. ஒரு முனை ஏறுகிறது, மறுமுனை இறங்குகிறது. ஏற்றப்பலகை விளையாடும் நிலம். ஊரில் ஒரு சாதாரணக் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டுபோய் இந்த மனையில் வீடு கட்டலாமா என்று கேட்டால், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவார்.

நம் நிதி ஆயோக் திரும்பவில்லை. 2022 கணக்குப்படி 72,000 கோடி ரூபாய்த் திட்டம். கலத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், புதிய நகரம். சுமார் 8,000 பேர் வாழும் தீவில் மூன்றரை லட்சம் பேரைக் குடியேற்றத் திட்டம். 130 சதுர கிலோமீட்டர் காட்டை எடுப்பார்கள்; ஈடாக ஹரியானாவில் மரம் நடுவார்கள். நான் கேலிக்குச் சொல்லவில்லை, ஹரியானாதான். ஏழுவரி ஆமைகள் முட்டையிடும் கலத்தியா கடற்கரை சரணாலயமாக இருந்தது. 2021இல் அந்தப் பட்டத்தைப் பறித்துவிட்டார்கள். 2004 அலை அந்த மணலைத் தின்றது. மணல் மெல்ல மீண்டதும் ஆமைகள் திரும்பி வந்தன. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சொல்லிவைத்தவர்கள், அமைச்சகம் புகுந்த தீவைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்கள்.

நிலநடுக்கம்? அதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். 2004இல் வந்ததைப் போன்ற மாபெரும் நடுக்கம் 420 முதல் 750 ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும், 7.5க்கு மேற்பட்டது 80 முதல் 120 ஆண்டுக்கு ஒருமுறை, ஆகவே ஆபத்து குறைவு என்று சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை ஆறுதல் சொல்கிறது. கான்பூர் ஐஐடி ஆய்விலிருந்து எடுத்த எண்கள். அந்த ஆய்வுக்கு மண்ணடுக்கு எடுத்த இடம் தெற்கு அந்தமானின் படாபாலு கடற்கரை. அங்கிருந்து கிரேட் நிக்கோபார் ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மதுரையில் ரத்தம் எடுத்துச் சென்னையில் இருப்பவனுக்குச் சர்க்கரை இல்லை என்று சான்றிதழ் கொடுப்பது இதைவிட நியாயமானது. மதுரைக்கும் சென்னைக்கும் தூரம் குறைவு.

எண்ணையாவது ஒழுங்காகப் படித்தார்களா? அது சராசரி. அகழிக்கு அட்டவணைப்படி வாழும் பழக்கம் கிடையாது. மெண்டவாயில் 1797க்கும் 1833க்கும் இடைவெளி 36 ஆண்டு. 2004க்கும் நியாஸுக்கும் இடைவெளி மூன்று மாதம். 80 முதல் 120 ஆண்டுக்கு ஒருமுறை என்றார்களே, அந்த 7.5 அளவு நடுக்கம் 2009 ஆகஸ்டில் அந்தமான் பக்கம் வந்தது, 2010 ஜூனில் நிக்கோபார் பக்கம் வந்தது. பத்து மாத இடைவெளி. அவை வேறு வகை நடுக்கங்கள், இந்தக் கணக்கில் சேரா என்று நிபுணர் யாராவது திருத்துவார். சரி, திருத்திக்கொள்கிறேன். துறைமுகத் தூணுக்கு யார் வகை பிரித்துச் சொல்வது? 2005 ஜனவரி கடைசியில் நிக்கோபாருக்குக் கிழக்கே ஒரு வார காலத்துக்குள் 5க்கு மேற்பட்ட நடுக்கங்கள் நூற்றைம்பதுக்கும் மேல் கொத்தாக வந்தன. 2022 ஜூலையில் போர்ட் பிளேர் அருகே ஒரே நாளில் இருபதுக்கு மேல். அதே ஆண்டு நவம்பரில் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கையெழுத்தானது. பூமி கையெழுத்துப் போட்டுக் காட்டுவது நாலு மாதத்தில் மறந்துபோகிறது; ஒப்பந்ததாரரின் கையெழுத்து மட்டும் தலைமுறைக்கும் நிற்கிறது.

வழக்குப் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியில் தலையிட மறுத்து, ஒரு குழு அமைத்தது. குழு உன்னிப்பாகக் கவனிக்கும்.

இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. இந்தத் தீவின் நிக்கோபாரிகள். 2004 வரை மேற்குக் கரையிலும் தெற்குக் கரையிலும் அவர்களுக்குச் சொந்த ஊர்கள் இருந்தன. அலை ஊரை அழித்தது. மிஞ்சியவர்களை அரசு பெயர்த்து எடுத்துவந்து கேம்பல் பே பக்கம் ராஜீவ் நகரில் வைத்தது. எங்கள் ஊருக்குத் திரும்பிப் போகிறோம் என்று அவர்கள் அன்றிலிருந்து கேட்டுவருகிறார்கள். நாலு தென்னையும் பன்றியும் வைத்துப் பிழைக்கிற குடும்பத்துக்கு அந்தக் கரை ஆகாது; பல்லாயிரம் கோடித் துறைமுகத்துக்கும் மூன்றரை லட்சம் பேருக்கும் அந்தக் கரை ஆகும். 2022 ஆகஸ்டில் பழங்குடி மன்றத்திடம் ஆட்சேபணையில்லாச் சான்று வாங்கினார்கள். தங்கள் மூதாதையர் ஊர்களும் திட்டத்துக்குள் போகின்றன என்பது தெரிந்ததும், நவம்பரில் அவர்கள் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு கடிதம் கொடுத்தார்கள். திட்டம் திரும்பவில்லை. அந்த ஃபேக்ஸ் போன விலாசத்துக்கே இந்தக் கடிதமும் போயிருக்கும் போல.

அமைச்சர் பெருமக்களே, அதிகாரிகளே, திறப்பு விழாவுக்கு நாடா வெட்ட ஒருநாள் போகத்தான் போகிறீர்கள். அன்றைக்கு அப்படியே தீவின் தென்கோடியான இந்திரா முனைக்கும் போய் வாருங்கள். 1972இல் கட்டிய கலங்கரை விளக்கம் அங்கே இருக்கிறது. இப்போது அதன் அடிப்பகுதி கடலுக்குள் நிற்கிறது. 2004 டிசம்பர் 25 வரை அது கரையில் நின்றது.